பூ.சா.கோ. அறநிலையம்: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் படிப்பு, வைத்தியம், வேலை ஆகிய மூன்றுக்கும் கோயம்புத்தூர்தான் போக்கிடம். அங்கே போய் வருபவர்கள் அனைவரும் அறிந்த பெயர் பி.எஸ்.ஜி. ஆயினும் அது யாருடையது, எதற்காகத் தொடங்கப்பட்டது, தருமம் என்று சொல்லிக்கொண்டு கட்டணம் வாங்குவது எப்படி என்ற ஐயங்கள் தீர்ந்தபாடில்லை. எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும்போது பெற்றோரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அந்த நிறுவனத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே பாராட்ட வேண்டியதைப் பாராட்டவும் கேள்வி எழுப்ப வேண்டிய இடத்தில் எழுப்பவும் எனக்குத் தடையில்லை.

போர்டுல பூ.சா.கோ.ன்னு போட்டிருக்கு, எல்லாரும் பி.எஸ்.ஜி.ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

ஒன்றுதான். பூளைமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடு என்ற பெயரின் தமிழ் முதலெழுத்துகள் பூ.சா.கோ.; அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பி.எஸ்.ஜி. இன்றைய பீளமேட்டின் பழைய பெயர் பூளைமேடு. சான்றிதழில் ஒன்றும் பலகையில் மற்றொன்றும் இருப்பதைக் கண்டு போலி நிறுவனமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இது கம்பெனியா, காலேஜா, ஆஸ்பத்திரியா?

அடிப்படையில் இது ஓர் அறக்கட்டளை. பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் என்பது அதன் பெயர். தமிழில் அறநிலையம் என்பார்கள். 1926இல் நிறுவப்பட்ட அந்த அறநிலையத்தின் கீழ்தான் நீங்கள் பார்க்கும் பள்ளி, கல்லூரிகள், மருத்துவமனை, பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடம் ஆகிய எல்லாமே இயங்குகின்றன.

வரிசையாகச் சொன்னால், சர்வஜனப் பள்ளி 1924இலேயே, அதாவது அறநிலையம் அமைவதற்கு முன்பே, தொடங்கிவிட்டது. 1926இல் அறநிலையத்தோடு தொழிற்கூடம் வந்தது. பாலிடெக்னிக் 1939, கலை அறிவியல் கல்லூரி 1947, பொறியியல் படிப்புக்கான தொழில்நுட்பக் கல்லூரி 1951, மருத்துவக் கல்லூரி 1985. இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொறியியல் கல்லூரி வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பட்டறை வந்துவிட்டது. அதன் காரணத்தைக் கீழே தனிக் கேள்வியாகவே பார்ப்போம்.

ஆரம்பிச்சது அப்பாவா, பிள்ளைகளா?

பெயர் தந்தையுடையது, பத்திரம் எழுதியவர்கள் பிள்ளைகள். கோவிந்தசாமி நாயுடு பீளமேட்டில் வேளாண்மையிலும் பருத்தி வாணிகத்திலும் வளர்ந்தவர். வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி ஆகிய நான்கு மகன்களும் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பாகத்தை அறத்துக்கென்று ஒதுக்கினார்கள். தருமத்தையும் உடன்பிறந்தவன்போலக் கருதிப் பங்கு கொடுத்தார்கள் என்று இந்தச் செய்தியைக் கோவையில் இன்றும் சொல்வதுண்டு.

கேட்பதற்குக் கதைபோல இருந்தாலும் இதில் ஒரு நடைமுறை நுட்பம் இருக்கிறது. செலவு போக மிஞ்சியதிலிருந்து கொடுப்பவர், மிஞ்சாத ஆண்டில் கொடுக்க மாட்டார். பாகமாகவே பிரித்துக் கொடுத்துவிட்டால் அந்தச் சொத்து அன்றே கைமாறிவிடுகிறது. அண்ணன் தம்பிகளில் ஒருவர் நொடித்தாலும் ஐந்தாவது பங்கைத் தொட முடியாது. நம் பக்கத்தில் பாகப்பிரிவினை என்றாலே வரப்புத் தகராறும் வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன என்பதால், இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ரெண்டு லட்சம்னு சொல்றாங்க. அது அந்தக் காலத்துல பெரிய காசா?

தொடக்க நிதி 2,01,000 ரூபாய். 10 கிராம் தங்கம் ஏறத்தாழ 18, 19 ரூபாய்க்கு விற்ற காலம் அது. அந்தக் கணக்கில் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தின் மதிப்பு வருகிறது.

தருமம்னா அன்னதானம், சத்திரம், கோயில் திருப்பணின்னு இருக்கும். இவங்க எதுக்குங்க பட்டறை போட்டாங்க?

என் பார்வையில் இந்த அறநிலையத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இதுதான். விடை சொல்ல வேண்டுமானால் அன்றைய கொங்கு நாட்டு விவசாயத்திலிருந்து தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் பூமி அது. ஆற்றுப் பாசனம் குறைவு, கிணற்றுப் பாசனமே கதி. கிணற்றிலிருந்து கவலை இறைப்பார்கள்: இரண்டு எருது, ஓட்ட ஓர் ஆள், வடம், தோல் வால் பொருத்திய சால். எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்வாங்கினால் கிணற்றுக்குள் போகும். விடிகாலையில் தொடங்கி நாள் முழுதும் இறைத்தாலும் நனைவது சிறு நிலம்தான். பாலக்காடு மாவட்டத்திலுள்ள நம் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியும் இதே மழை மறைவுப் பூமிதான் என்பதால், இங்குள்ள பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

எருதுக்குப் பதில் பம்பு வேண்டும் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் அது பழுதானால் கழற்றி மாட்டுவதற்கு ஊரில் ஆள் வேண்டும். உடைந்த பாகத்தை வார்த்துக் கொடுக்கப் பவுண்டரி வேண்டும். வார்த்ததைக் கடைந்து சரிசெய்ய லேத்து வேண்டும். பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மரத்தில் பேட்டர்ன் என்னும் மாதிரி வடிவம் செய்ய வேண்டும். மணலைப் பதமாக நனைத்துப் பெட்டியில் இறுக்கி, அச்சு எடுத்து, உள்ளே தண்ணீர் ஓடும் வழிக்காகக் கோர் என்னும் உள்ளச்சு வைத்து, உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். ஆறிய பிறகு மணலைத் தட்டி உதிர்த்து, லேத்தில் ஏற்றி, நடுத்துளையைத் தண்டுக்குப் பொருந்துமாறு கடைய வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பம்பு அதிரும், பேரிங் தேயும், தண்ணீர் ஏறாது. வகுப்பறைக் கரும்பலகையில் இதைக் கற்றுக்கொடுக்க இயலாது. மணலைக் கையில் பிடித்துப் பார்த்து ஈரம் போதுமா என்று அறிவதற்குப் பல நாள் பட்டறையில் நின்றிருக்க வேண்டும்.

தொழிற்கூடம் அந்த இடத்தை நிரப்பியது. அங்கே பொருளும் செய்வார்கள், ஆளும் உருவாவார்கள். செய்த பொருள் சந்தையில் விலைபோக வேண்டும் என்பதால் பயிற்சி பெயரளவில் நின்றுவிடாது. விற்ற பணம் அறநிலையத்துக்கே திரும்புவதால் பயிற்சி கொடுக்க ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. பின்னாளில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது அதன் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன். தமிழில் அறிவியல் எழுத வேண்டும் என்று கலைக்கதிர் இதழை நடத்தியவர், பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அக்கல்லூரியில் சான்ட்விச் படிப்பு என்றொரு முறை இருக்கிறது. ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பில் மாணவர் வகுப்பறைக்கும் தொழிற்கூடத்துக்குமாக மாறிமாறிப் போய் வருவார். பட்டறை முதலில், கல்லூரி பிறகு என்ற வரிசையின் நேரடி விளைவு அது.

சத்திரமும் அன்னதானமும் தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. பசித்தவனுக்கு அன்றைய சோறுதான் பெரிது. ஆனால் ஒரு வட்டாரத்தின் பிழைப்பையே மாற்ற நினைக்கும் தருமம், அந்த வட்டாரத்துக்கு எந்தக் கைவேலை தேவை என்று பார்த்து அதைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

அப்ப கோயமுத்தூர் தொழில் நகரம் ஆனதே இவங்களாலதானா?

அப்படிச் சொன்னால் மிகை. பல காரணங்கள் சேர்ந்து வந்தன. பருத்திக்கு ஏற்ற கரிசல் மண், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, 1862இல் போத்தனூர் வரை வந்துவிட்ட ரயில் பாதை, 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய முதல் நூற்பாலை ஆகியவை அறநிலையத்துக்கு முந்தியவை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மின்சாரம் மலிவாகக் கிடைத்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் தேவைப்பட்டது, கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்துதான் நகரத்தின் பவுண்டரிகளும் லேத்துப் பட்டறைகளும் கிளம்பின.

இந்த வரலாற்றில் அறநிலையத்தின் பங்கு ஆட்களை உருவாக்கியதில் இருக்கிறது. மூலதனம் போட ஆலை முதலாளிகள் இருந்தார்கள், மின்சாரம் அரசு கொடுத்தது. பாகங்களைப் பொருத்தும் பிட்டர், வார்க்கும் மோல்டர், கடையும் டர்னர் என வேலை தெரிந்தவர்கள் வேண்டுமானால் யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

ஜி.டி. நாயுடுவும் இந்தக் குடும்பந்தானே?

இல்லை. இது மிகவும் பரவலான குழப்பம். ஜி.டி. நாயுடு 1893இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டுத் தொழிலைத் தொடங்கியவர். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படும் 1937ஆம் ஆண்டு மோட்டாருடன் அவர் பெயரும் கோவைத் தொழிலதிபர் பாலசுந்தரம் நாயுடு பெயரும் சேர்ந்தே பேசப்படும். அவருடைய அறப்பணி தனிப் பாதையில் சென்றது. 1945இல் அவர் முயற்சியால் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. பொறியியல் கற்பிக்க நான்கு ஆண்டு எதற்கு, இரண்டே போதும் என்று வாதிட்டவர் அவர்.

இவ்வளவு பக்கத்துல இருக்கறோம். ஏன் பாலக்காட்டுப் பக்கம் ஒண்ணும் ஆரம்பிக்கலை? நம்மள வேத்து மாநிலம்னு ஒதுக்கிட்டாங்களா?

ஒதுக்கவில்லை, ஒதுக்கவும் முடியாது. ஏனெனில் 1926இல் வாளையாற்றில் மாநில எல்லையே கிடையாது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, கோயம்புத்தூரும் அதே மாகாணம். வேடிக்கை என்னவென்றால் நம் சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்நாளில் கோவையிலிருந்து பாலக்காடு போனவர் எல்லை தாண்டவில்லை, சித்தூர் வந்தவர் தாண்டினார். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவான பிறகுதான் இன்றைய கோடு விழுந்தது.

அறநிலையம் பீளமேட்டையே மையமாகக் கொண்டது வேறு காரணத்தால். பட்டறையும் பள்ளியும் கல்லூரியும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில் இருந்தால்தான் முன்பு சொன்ன முறை பலன் தரும். பத்து ஊரில் பத்துக் கட்டடம் கட்டியிருந்தால் திறப்பு விழாக்கள் அதிகம் நடந்திருக்கும். ஓரிடத்தில் குவித்ததால் நம் பிள்ளைகள் பேருந்து ஏறிப் போக வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான்.

தரும ஸ்தாபனம்ங்கறீங்க, அப்புறம் ஃபீஸ் மட்டும் ஏனுங்க வாங்கறாங்க?

தருமம் என்றால் இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. வரும் வருவாயை யாரும் சொந்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அறத்தின் நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என்பதுதான் விதி. உச்ச நீதிமன்றம் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், தனியார் கல்வி நிறுவனம் தன் வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்று கூறியது. தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் 1992 முதலே இருக்கிறது.

ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பாடப்பிரிவும் சுயநிதிப் பாடப்பிரிவும் இருக்கும், இரண்டுக்கும் கட்டணம் வேறு. ஒருவர் குறைவாகக் கட்டினேன் என்பதும் மற்றவர் பல மடங்கு கட்டினேன் என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள். நடைமுறையில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இந்தக் கட்டணம் தாங்குமா என்று கேட்டால், உதவித்தொகை கிடைக்காவிட்டால் சுயநிதிப் பிரிவு தாங்காது என்றே சொல்வேன். ஐந்தாவது பங்கில் தொடங்கிய ஒன்றிடம் மக்கள் இன்னும் கூடுதலாக எதிர்பார்ப்பதில் தவறில்லை.

சரி, ஃபீஸ் கூடப் பரவாயில்லை. தரும ஸ்தாபனம் பம்பு வித்து லாபம் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கட்டுப்பாடுகளோடு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(4ஏ) உட்பிரிவின்படி, அறக்கட்டளை நடத்தும் தொழில் அதன் நோக்கத்துக்குத் துணையானதாக இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 15 விழுக்காட்டை நிபந்தனையின்றிச் சேர்த்து வைக்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டதால், பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் வாதாட வேண்டாம்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்றுண்டு. கல்விக்காக வரிவிலக்குக் கோரும் நிறுவனம் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் இறுக்கமாகத் தீர்ப்பளித்தது. கல்வியோடு தொடர்புடைய தொழில் நடத்தலாம், தொடர்பற்றதை நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். மாணவர் பயிலும் பட்டறையில் பம்பு செய்து விற்பது எளிதில் முதல் வகையில் சேரும். ஒரு பள்ளி அறக்கட்டளை கல்யாண மண்டபம் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு அதையும் கல்வி என்று சொன்னால் சிக்கல் வரும்.

மில்லு முதலாளிக தானே? தொழிலாளிய வேலை வாங்கிச் சேர்த்த காசுல தருமம் பண்ணினதைப் பெருமையாப் பேசலாமா?

இதைக் கேட்டவர் பாலக்காடு அருகே ஆலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டில் தொழிற்சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், நியாயமான கேள்வி. கோவை ஆலைகளின் வரலாற்றில் நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, வேலைநிறுத்தம், அடிதடி எல்லாம் உண்டு. இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான ரங்கவிலாஸ் ஆலையின் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வர், போராட்டக் காலத்தில் நடந்த ஒரு கொலையின் பேரில் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

பீளமேட்டுச் சாலையில் கல்லூரியைக் கண்டு வியப்பவர், அதே சாலையில் சற்றுத் தூரம் போனால் சின்னியம்பாளையம் வந்துவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆலையின் கணக்கும் அறநிலையத்தின் கணக்கும் தனித்தனிப் பேரேடுகள்; ஒன்றின் வரவை மற்றொன்றின் செலவில் கழித்துவிட முடியாது என்பது என் எண்ணம்.

நாளைக்கே அந்தக் குடும்பத்து வாரிசுக சொத்தைத் திருப்பி எடுத்துக்கலாமுங்களா?

முடியாது. பொது அறக்கட்டளைக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்த சொத்தின் பயனாளி பொதுமக்கள். வாரிசுகள் அறங்காவலராக இருந்து நிர்வகிக்கலாமே தவிர உரிமை கொண்டாட இயலாது. பாகமாகப் பிரித்துக் கொடுத்ததன் பயன் என்று மேலே சொன்னது இதைத்தான். நிர்வாகத்தில் முறைகேடு என்று கருதினால், அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம்.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளும் சி.எஸ்.ஆர்.னு பண்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு. சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு விதிக்கும் கடமை. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபம் குறைந்தால் தொகையும் குறையும். மிஞ்சியதிலிருந்து கொடுப்பது பற்றி முன்பு சொன்னேனே, அந்த வகை.

ஆனால் நம் ஊர்களுக்குப் பயன்படும் ஒரு வாசகம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நிறுவனம் தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதே அது. கஞ்சிக்கோட்டில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்திடம் பாலக்காட்டுப் பக்கத்துப் புதுச்சேரிப் பஞ்சாயத்தோ எலப்புள்ளிப் பஞ்சாயத்தோ திட்டம் எழுதிக் கேட்கலாம். வெறும் கோரிக்கைக் கடிதமாகப் போகாமல், எத்தனை பேருக்கு என்ன பயிற்சி, யார் நடத்துவது, எவ்வளவு செலவு என்று எழுதிக்கொண்டு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

அழகப்பச் செட்டியாரும் இதே மாதிரிதானே கொடுத்தாரு?

கொடுத்ததில் அவரை விஞ்சியவர் அரிது, முறை வேறு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். கேரளத்துக்கும் அவருக்கும் நெருக்கம் உண்டு: 1937இல் கொச்சி சமஸ்தானத்தில் திருச்சூருக்கு அருகே நூற்பாலை தொடங்கினார், அந்த ஊர் இன்றும் அழகப்பநகர் பஞ்சாயத்து. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய ஒரு லட்சம் ரூபாய் தந்தவரும் அவரே.

தனி ஒருவராகச் சம்பாதித்து, தனி ஒருவராகவே வாரி வழங்கி, 1957இல் நாற்பத்தெட்டு வயது நிறைவதற்குள் மறைந்தார். ஆலை பின்னாளில் தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்குப் போனது. கல்லூரிகள் நிலைத்துப் பல்கலைக்கழகமாக வளர்ந்தன. பீளமேட்டிலோ கொடுத்ததையே சம்பாதிக்க வைத்தார்கள். எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் சிறிய தொகையை வைத்துத் தொடங்குபவருக்குப் பீளமேட்டு முறைதான் எட்டும்.

எங்க பையன் கேரளாவுலயே பிளஸ் டூ முடிச்சான். பொறியியல் கவுன்சிலிங்ல அங்க சீட் கிடைக்குமா?

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டிருந்தால் அங்குள்ள வட்டாட்சியர் தரும் பிறப்பிடச் சான்று வேண்டும். கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும். பூர்வீகச் சான்றும் இல்லையென்றால் நிர்வாக ஒதுக்கீடுதான் வழி, அதன் கட்டணம் முன்பு சொன்ன சுயநிதிக் கணக்கு. அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை எடுத்துக்கொண்டு வாசகசாலைக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

நாங்க நாலு பேரு, வெளிநாட்டுல இருந்து திரும்பினவங்க. நம்ம ஊர்ல சின்னதா மோட்டார் வைண்டிங், பம்பு ரிப்பேர் சொல்லிக்கொடுக்க ஓர் அறக்கட்டளை ஆரம்பிக்கலாமுங்களா?

தாராளமாக. நான்கு பேர் என்றால் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். சங்கம்தான் என்று முடிவு செய்தால் பழைய எல்லை இங்கும் குறுக்கே வரும். கேரளத்தில் மலபார்ப் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம், திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். சித்தூர் வட்டம் கொச்சியைச் சேர்ந்தது என்று மேலே சொன்னது வெறும் சரித்திரத் துணுக்கு அல்ல. எந்தப் படிவம் என்று அதுதான் தீர்மானிக்கும்.

பதிவுக்குப் பிறகு பான் எண், வருமான வரித்துறைப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு என்று வரிசையாகப் போக வேண்டும். முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, மூன்றாண்டுக்குச் செல்லும். பணி தொடங்கியதும் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழுதுபார்த்து வாங்கும் கூலிக்கும் பயிற்சிக்கு வரும் நன்கொடைக்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனிக் கணக்கு வைத்துவிடுங்கள், காரணம் பம்பு விற்பனை பற்றிய பதிலில் இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதால், அத்தகைய தொகையை வங்கி வழியாகவே வாங்கி ரசீது கொடுங்கள்.